‘அதெல்லாம் பேசிடும்’

என் தங்கை மகளுக்கு எட்டு மாதம் ஆனபோது மாசித் திருவிழா வந்தது. திருவொற்றியூர்க்காரர்களுக்கு அந்தப் பத்து நாள் சத்தத்தை விவரிக்க வேண்டியதில்லை. மேளம், வெடி, ஒலிபெருக்கி, இவை போதாதென்று எண்ணூர் நெடுஞ்சாலையில் கண்டெய்னர் லாரிகளின் ஏர் ஹாரன். தங்கையின் வீடு கோயிலுக்குப் பக்கத்துச் சந்தில். தேர் அன்று வாசலிலேயே சரவெடி வைத்தார்கள். குழந்தை தூளியில் தூங்கிக்கொண்டிருந்தது. இமை கூட அசையவில்லை. “பாத்தியா, தங்கமான பொண்ணு. இடியே வுய்ந்தாலும் எய்ந்துக்காது” என்றாள் ஆயா. எல்லோரும் சிரித்தோம். தங்கை சிரிக்கவில்லை. அன்று இரவு பாத்திரம் கழுவும்போது என்னிடம் மெதுவாகக் கேட்டாள்: “அக்கா, இவளுக்குக் காது கேக்குதான்னே எனக்கு சந்தேகமா கீது.”

நான் பள்ளி ஆசிரியை. பி.எட். படிக்கும்போது குழந்தை உளவியல் என்று ஒரு தாள் எழுதித் தேர்ச்சி பெற்றவள். நான் சொன்ன பதில் இது: “அதெல்லாம் பேசிடும். சும்மா எதையாவது நெனச்சிக்காத.”

அவள் கேட்டது காதைப் பற்றி. நான் பதில் சொன்னது பேச்சைப் பற்றி. அவள் கேள்வியை நான் காதில் வாங்கவே இல்லை.

குழந்தைக்கு இரண்டு காதும் கேட்கவில்லை என்று ஒரு மருத்துவர் தாளில் எழுதிக் கொடுத்தபோது அவளுக்கு வயது மூன்று வருடம் இரண்டு மாதம். தேர்த் திருவிழா இரவிலிருந்து எண்ணினால் முப்பது மாதம். மருத்துவ உலகம் இதைத் ‘தாமதமான கண்டறிதல்’ என்கிறது. இந்தச் சொல்லோடுதான் எனக்குச் சண்டை. கண்டறிதலில் தாமதம் எதுவும் இல்லை. ஒரு பெண் எட்டாம் மாதத்திலேயே கண்டறிந்துவிட்டாள். அவளை நம்புவதற்குத்தான் எங்களுக்கு முப்பது மாதம் ஆயிற்று.

இது உணர்ச்சிவசப்பட்டுச் சொல்லும் வாதமில்லை. குழந்தைகளின் செவித்திறன் பற்றி வழிகாட்டும் அமெரிக்கக் கூட்டுக்குழு 2007-இல் ஓர் அறிக்கை வெளியிட்டது. எந்தெந்தக் குழந்தைகளுக்குச் செவித்திறன் குறைபாடு இருக்க வாய்ப்பு அதிகம் என்று அதில் ஒரு பட்டியல் உண்டு. தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்த குழந்தை, கடுமையான மஞ்சள் காமாலை வந்த குழந்தை, ஜென்டாமைசின் போன்ற ஊசிகள் போடப்பட்ட குழந்தை, மூளைக்காய்ச்சல் வந்த குழந்தை என்று போகும் அந்தப் பட்டியலின் முதல் வரி என்ன தெரியுமா? குழந்தையை வளர்ப்பவருக்கு ஏற்படும் சந்தேகம். ‘எனக்கு என்னவோ போல் இருக்கிறது’ என்று அம்மா சொன்னால் அதுவே பரிசோதனைக்குப் போதுமான காரணம். கருவி வைத்திருக்கிற நாடு தாயின் வாக்கை முதல் வரியில் எழுதி வைத்திருக்கிறது. நாம் அதைப் ‘பயந்தாங்கொள்ளி’ என்று ஒதுக்குகிறோம்.

எங்கள் வீட்டில் ஒதுக்கிய விதத்தைச் சொல்கிறேன். உங்கள் வீட்டிலும் இதே வாக்கியங்கள் கிடைக்கும். “உங்க மாமாவும் நாலு வயசுலதான் வாயத் தொறந்தான்.” “நாக்குல வசம்பு தடவினியா?” “நாக்குக்கு அடியில நரம்பு இழுத்துக்கினு இருக்கும், வெட்டிவுட்டா சரியாப்பூடும்.” “கோயில்ல மணி கட்றேன்னு வேண்டிக்க.” பதினான்காம் மாதம் தங்கை தனியாக ஒரு டாக்டரிடம் தூக்கிக்கொண்டு போனாள். ஆண் துணையில்லாமல் வந்த இருபத்திரண்டு வயதுப் பெண்ணைப் பார்த்து அவர் கேட்டது: “முதல் குழந்தையா?” ஆமாம் என்றாள். “அதான். முதல் குழந்தைன்னா எல்லா அம்மாவும் இப்படித்தான். மூணு வயசு வரைக்கும் பாருங்க.” பிறகு குழந்தைக்குப் பின்னால் நின்று கை தட்டினார். அவள் திரும்பினாள். முடிந்தது சோதனை.

கை தட்டினால் காற்று அசையும். நிழல் அசையும். எதிரே இருக்கும் அம்மாவின் கண் அசையும். தட்டு கீழே விழுந்தால் தரை அதிரும். காது கேளாத குழந்தை உலகத்தை மற்ற எல்லாப் புலன்களாலும் கவ்விப் பிடித்துக்கொண்டுதான் வளர்கிறது. அதனால்தான் அது ஏமாற்றுவது போலத் தெரிகிறது. முதல் சில மாதங்களில் கேளாத குழந்தையும் ‘ஊ, ஆ’ என்று குரல் எழுப்பும், சிரிக்கும். ‘பாபாபா, மாமாமா’ என்று அசைகளை அடுக்கும் பருவத்தில்தான் வேறுபாடு தெரியத் தொடங்கும். பக்கத்திலேயே படுத்துக் கிடப்பவளுக்குத்தான் அது முதலில் தெரியும்.

இன்னொன்றும் சேர்த்துக்கொள்கிறேன். ஆண் குழந்தை பேசாவிட்டால் ‘பையன்கள் லேட்டாத்தான் பேசுவானுங்க’ என்று ஒரு சமாதானம் உண்டு. பெண் குழந்தை பேசாவிட்டால் சமாதானம் கூடத் தேவைப்படுவதில்லை. அதற்குப் பெயர் அடக்கம். எங்கள் குழந்தையைத் தெருவே மெச்சியது. கூப்பாடு போடாது, அடம் பிடிக்காது, பொம்மையைக் கொடுத்தால் மூலையில் உட்கார்ந்து விளையாடும். பெண்பிள்ளை என்றால் இப்படி இருக்க வேண்டும். ஒரு நோய்க்குறியை நற்குணமாக எண்ணி மூன்று வருடம் கொண்டாடியிருக்கிறோம். இரைச்சல் போடும் பெண்ணைத்தான் இந்தச் சமூகம் டாக்டரிடம் கூட்டிப்போகும்.

அரசாங்கத்துக்கும் இதில் பங்குண்டு. குழந்தை பிறந்தது 2016-இல், அரசு மருத்துவமனையில். மூன்றாம் நாள் வீட்டுக்கு அனுப்பும்போது குழந்தைகள் நலப் பரிசுப் பெட்டகம் கொடுத்தார்கள். பதினாறு பொருள். துண்டு, சட்டை, கொசுவலை, சோப்பு, எண்ணெய், நகவெட்டி, தாய்க்கு சுண்டி லேகியம். கூடவே ஒரு கிலுகிலுப்பை. நல்ல திட்டம், நான் கிண்டல் செய்யவில்லை. அந்தக் கொசுவலை இன்னும் இருக்கிறது. ஆனால் கிலுகிலுப்பை கொடுத்த கை, அதன் சத்தம் இந்தக் குழந்தைக்குக் கேட்கிறதா என்று பார்க்கவில்லை.

பார்ப்பது கடினமா? லண்டனில் டேவிட் கெம்ப் என்பவர் 1978-இல் கண்டறிந்து சொன்னார்: ஆரோக்கியமான உட்காது, ஒலியைக் கேட்டால் தானும் மெல்லிய ஒலி ஒன்றைத் திருப்பி எழுப்பும். தூங்கும் குழந்தையின் காதில் சிறு முனை ஒன்றைச் செருகி அந்த எதிரொலி வருகிறதா என்று பார்ப்பதுதான் ஓ.ஏ.இ. சோதனை. சில நிமிடம். ஊசி இல்லை, வலி இல்லை. எதிரொலி வராத குழந்தையை மீண்டும் சோதித்து, பிறகு மூளைத்தண்டு வரை ஒலி போகிறதா என்று ‘பெரா’ சோதனையில் உறுதி செய்வார்கள். ஒரு மாதத்துக்குள் முதல் சோதனை, மூன்று மாதத்துக்குள் உறுதிப்படுத்தல், ஆறு மாதத்துக்குள் உதவி: உலகம் ஒப்புக்கொண்ட கணக்கு இது. ஆறு மாதத்துக்கு முன் கண்டறியப்பட்ட குழந்தைகளின் மொழி வளர்ச்சி, அதற்குப் பிறகு கண்டறியப்பட்டவர்களைவிடத் தெளிவாக மேலே இருப்பதை அமெரிக்காவின் கொலராடோ மாநில ஆய்வு 1998-லேயே காட்டியது. இங்கிலாந்து 2006-க்குள் நாடு முழுக்கப் பச்சிளங்குழந்தைகளுக்கான செவிச் சோதனையைக் கொண்டு வந்துவிட்டது.

அதெல்லாம் பணக்கார நாடு என்பீர்கள். கொச்சி பக்கத்தில்தான் இருக்கிறது. அங்கே குழந்தை மருத்துவர்கள் 2003-இல் தொடங்கிய ஏற்பாடு எளிமையானது: மருத்துவமனைக்கு ஒரு கருவி வாங்காமல், கையில் எடுத்துச் செல்லக்கூடிய கருவியோடு ஓர் ஆள் மருத்துவமனை மருத்துவமனையாகப் போய்ப் பிறந்த குழந்தைகளைச் சோதிப்பார். நம் நாட்டில் காது கேளாமைத் தடுப்புக்கான தேசியத் திட்டம் 2007-லும், குழந்தைகளின் பிறவிக் குறைபாடுகளைக் கண்டறியும் தேசிய சிறார் நலத் திட்டம் 2013-லும் வந்துவிட்டன. பிறவிச் செவிட்டுத்தன்மை அந்தப் பட்டியலில் இருக்கிறது. ஆனால் பிரசவ வார்டை விட்டுக் கிளம்பும் முன் ஒவ்வொரு குழந்தையின் காதையும் சோதித்தே ஆக வேண்டும் என்று கட்டாயப்படுத்தும் சட்டம் இன்றுவரை இல்லை. ஆயிரம் பிறப்பில் ஒன்றிலிருந்து மூன்று குழந்தைகள் என்பது உலக அளவில் சொல்லப்படும் கணக்கு. வட சென்னையில் ஒரு பெரிய பிரசவ மருத்துவமனையில் வருடத்துக்கு எத்தனை ஆயிரம் பிரசவம் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

கடைசியில் எங்கள் குழந்தையைக் கண்டுபிடித்தது அங்கன்வாடி டீச்சர். “பேர் சொல்லிக் கூப்பிட்டா மத்த பசங்க திரும்புறதப் பாத்துட்டுத்தான் இவ திரும்புறா” என்றார். குறைந்த சம்பளத்தில் சத்துமாவு கிளறிக்கொண்டே பார்த்த பார்வை அது. பி.எட். படித்த என் கண்ணுக்குத் தெரியாதது.

‘பெரா’வில் தொண்ணூறு டெசிபலிலும் பதில் வரவில்லை. வாசலில் ஏர் ஹாரன் அடித்தாலும் எட்டாத காது. தாள் வீட்டுக்கு வந்த அன்றே விசாரணை தொடங்கியது. கர்ப்பத்தில் என்ன சாப்பிட்டாள், கிரகணத்தில் வெளியே போனாளா, எந்த மாத்திரை போட்டாள், போனை வயிற்றில் வைத்துக்கொண்டு பேசினாளா. ‘அவ வயித்துல கோளாறு’ என்று தீர்ப்பு.

அந்த வயிற்றின் கதையைக் கேளுங்கள். தங்கையைக் கட்டிக் கொடுத்தது எங்கள் தாய்மாமனுக்கு. அம்மாவின் தம்பி. நகை வெளியே போகக் கூடாது, வீடு பிரியக் கூடாது என்று ஆயா எடுத்த முடிவு. தங்கைக்கு அப்போது பத்தொன்பது வயது, அவளை யாரும் கேட்கவில்லை. தமிழ்நாட்டில் திருமணமான பெண்களில் நான்கில் ஒருவருக்கு மேல் சொந்தத்தில் கட்டிக்கொடுக்கப்பட்டவர்கள் என்று 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு சொல்கிறது. பிறவிச் செவித்திறன் குறைபாட்டில் பெரும்பங்கு மரபணு சார்ந்தது. அதில் அதிகம் காணப்படும் வகையில், பழுதுள்ள மரபணு அப்பாவிடமிருந்து ஒன்று, அம்மாவிடமிருந்து ஒன்று என இரண்டு வர வேண்டும். ஒன்று மட்டும் இருப்பவருக்குக் காது நன்றாகவே கேட்கும். இருவரும் சுமப்பவர்கள் என்றால் ஒவ்வொரு கர்ப்பத்திலும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு. சொந்தத்தில் கட்டும்போது இருவரும் ஒரே மூதாதையிடமிருந்து அதைச் சுமந்து வர வாய்ப்பு கூடுகிறது. எங்களுக்கு மரபணுச் சோதனை செய்யவில்லை. ஆனால் அதுதான் காரணம் என்று வைத்துக்கொண்டால், மாமா வழியாகவும் எங்கள் அம்மா வழியாகவும் இறங்கி வந்து குழந்தையிடம் சேரக்கூடிய மரபணு எங்கிருந்து கிளம்பியிருக்கும்? ஆயாவிடமிருந்தோ தாத்தாவிடமிருந்தோ. குற்றம் சாட்டும் வயிற்றிலிருந்துதான் குற்றம் சாட்டப்பட்ட வயிறும் வந்தது. இதை நான் வீட்டில் ஒரு காகிதத்தில் படம் போட்டுக் காட்டினேன். ஆயா இரண்டு வாரம் என்னோடு பேசவில்லை.

ருபெல்லா என்று ஒன்று உண்டு. கர்ப்பத்தின் தொடக்க மாதங்களில் தாய்க்கு வந்தால் குழந்தையின் காதும் கண்ணும் இதயமும் பாதிக்கப்படலாம். 2017 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் தட்டம்மை-ருபெல்லா தடுப்பூசி முகாம் நடந்தபோது வாட்ஸ்அப் வதந்தியை நம்பி என் பள்ளியிலேயே பல பெற்றோர் பெண்பிள்ளைகளை அன்று வீட்டில் வைத்துக்கொண்டார்கள். அந்தப் பெண்களில் யாருக்காவது நாளை கர்ப்பத்தில் காய்ச்சல் வந்தால், அப்போதும் ‘என்ன தின்னே’ என்று அவளைத்தான் கேட்பார்கள்.

எங்கள் ஊருக்கு ஒரு தலபுராணம் இருக்கிறது. சங்கிலியை மணந்து, பிரியமாட்டேன் என்று மகிழ மரத்தடியில் சத்தியம் செய்துவிட்டு, எல்லையைத் தாண்டியதும் சுந்தரருக்குக் கண் பார்வை போயிற்று என்பார்கள். உடற்குறையைத் தண்டனையாகப் பார்க்கும் கதை, எனக்கு உடன்பாடில்லை. ஆனாலும் அந்தக் கதையில் குறை வந்தது வாக்குத் தவறிய ஆணுக்கு. எங்கள் தெருவில் கதையை மாற்றிவிட்டார்கள். யார் என்ன செய்தாலும் தண்டனை பெண்ணின் வயிற்றுக்கு வருகிறது.

என் அப்பா இந்தப் பகுதியில் ஒரு தொழிற்சாலையின் பிரஸ் ஷாப்பில் முப்பது வருடம் வேலை பார்த்தவர். ஓய்வு பெறும்போது பாதிக் காது போய்விட்டது. டிவியை அலற விடுவார். ‘யார் தப்பு’ என்று யாரும் கேட்டதில்லை. ‘பாவம், உழைச்ச மனுஷன்’ என்றார்கள். தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் அட்டவணையில் இரைச்சலால் வரும் செவித்திறன் இழப்புக்கு ஓர் இடம் கூட இருந்தது. அவருக்கு ஒரு பைசா கிடைக்கவில்லை என்பது வேறு விஷயம். ஆனால் அவர் காதுக்குக் காரணம் தேடி யாரும் அவர் அம்மாவிடம் போகவில்லை.

இனி உழைப்பின் கணக்கு. தங்கை தண்டையார்பேட்டையில் ஓர் எக்ஸ்போர்ட் கம்பெனியில் செக்கிங் வேலை செய்துகொண்டிருந்தாள். சோதனை முடிந்த மாதமே வேலை போயிற்று. முதலில் காதுக்கருவி போட்டு சில மாதம் பழக வேண்டும் என்றார்கள். அதற்குள் 2020 மார்ச் ஊரடங்கு. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் காக்ளியர் அறுவை சிகிச்சை இலவசம். பல லட்சம் ரூபாய் சிகிச்சையை ஏழை வீட்டுக்குக் கொண்டு வந்த திட்டம், அதில் மாற்றுக் கருத்தில்லை. ஆனால் ஆறு வயதுக்குள் என்று எல்லை. மூளையின் கேட்கும் பகுதி மூன்றரை வயதுக்குள் ஒலியைச் சந்தித்தால்தான் நன்றாக வளரும் என்று ஆய்வுகள் சொல்கின்றன. எங்கள் குழந்தைக்கு அறுவை நடந்தது நாலரை வயதில். அந்த முப்பது மாதம் இப்போது எங்கே போய் உட்கார்ந்திருக்கிறது என்று பாருங்கள்.

அறுவை முடிந்தால் கேட்டுவிடும் என்று நினைத்திருந்தோம். கேட்பது வேறு, புரிவது வேறு. வாரத்தில் மூன்று நாள் பயிற்சி, தெற்கே. ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் கண்டெய்னர் நெரிசலைத் தாண்டி, பாரிமுனையைத் தாண்டி ஒன்றரை மணி நேரம் போக, ஒன்றரை மணி நேரம் வர. கேளாத சிறு குழந்தைகளுக்கு மொழி கற்பிப்பதில் பெயர் பெற்ற பால வித்யாலயா 1969 முதல் அடையாறு பக்கம் இருக்கிறது. தாயும் குழந்தையோடு உட்கார்ந்து கற்றுக்கொள்வதுதான் அந்தக் கல்விமுறையின் உயிர். அதன் பலனை மறுப்பதற்கில்லை. ஆனால் எந்தப் பயிற்சி மையத்தின் வராந்தாவில் போய் நின்றாலும் நூறு செருப்பில் தொண்ணூறு பெண்களுடையது. ‘அம்மா வீட்டில் தினமும் பேச வேண்டும், அம்மா நோட்டு எழுத வேண்டும், அம்மா வேலைக்குப் போனால் குழந்தை முன்னேறாது.’ சந்தேகத்தைச் சொன்னபோது அவள் வார்த்தைக்கு மதிப்பில்லை. நிரூபணமான பிறகு அவள் உழைப்புக்கு எல்லையில்லை. மாமா டிரெய்லர் ஓட்டுகிறார். துறைமுக வாசலில் இரண்டு நாள் வரிசையில் நிற்பார். நல்ல மனிதர், மகள் மேல் உயிர். ஆனால் அவரை யாரும் ‘நீ வேலையை விடு’ என்று கேட்டதில்லை, அவருக்கும் அப்படி ஒரு கேள்வி இருப்பது தோன்றியதில்லை.

அந்த வராந்தாவில் இன்னொரு கட்டளையும் உண்டு: கையசைத்துப் பேசாதீர்கள், குழந்தை வாயால் பேசாது. இது 1880-இல் மிலானில் கூடிய மாநாடு காது கேளாதோர் பள்ளிகளிலிருந்து சைகை மொழியை விரட்டியதன் மிச்சம். நூற்று நாற்பது வருடத்துக்குப் பிறகும் ஒரு தங்கையின் கைகளைக் கட்டிப்போடுகிறது. காது கேளாத பெற்றோருக்குப் பிறந்த கேளாத குழந்தைகள் கைகளாலேயே மழலை பேசுவதை 1991-இல் கனடா நாட்டு ஆய்வு காட்டியது. மூளைக்கு வேண்டியது மொழி. அது காது வழி வந்தாலும் கண் வழி வந்தாலும் வாங்கிக்கொள்ளும். எங்கள் குழந்தை தாமதத்தில் இழந்தது ஒலியை மட்டுமில்லை. மூன்று வயது வரை அவளிடம் எந்த மொழியும் இல்லை. பசி, வலி, பயம், ‘அந்த அங்கிள் வேண்டாம்’, எதற்கும் சொல் இல்லை. காது கேளாத பெண்கள் தங்கள் மொழியைத் தாங்களே பேசி, தாங்களே கற்பித்து வாழ்கிறார்கள். அவர்களில் ஒருவரை நாங்கள் முதல் நாளே சந்தித்திருந்தால் தாளைப் பார்த்து அழுதிருக்க மாட்டோம்.

அந்த ‘அங்கிள்’ என்ற சொல்லைச் சும்மா எழுதவில்லை. 2018 ஜூலையில் அயனாவரம் அடுக்குமாடிக் குடியிருப்பு. செவித்திறன் குறைபாடுள்ள பதினொரு வயதுச் சிறுமியைப் பல மாதங்களாக வன்கொடுமை செய்ததாக 17 ஆண்கள் கைதானார்கள். காவலாளி, லிஃப்ட் இயக்குபவர், தண்ணீர் கொண்டு வருபவர். 2020 பிப்ரவரியில் சென்னை போக்சோ நீதிமன்றம் 15 பேரைக் குற்றவாளிகள் என்றது. இந்தப் பெண்ணால் சொல்ல முடியாது என்ற கணக்கில்தான் அத்தனை பேரும் துணிந்தார்கள். அவள் தன் அக்காவிடம் சொன்னாள். சொல்ல அவளிடம் மொழி இருந்தது. செய்தி வந்த வாரம் எங்கள் குழந்தைக்கு இரண்டு வயது. தங்கை அந்தச் செய்தித்தாளை மடித்துத் தலையணைக்கு அடியில் வைத்திருந்ததைப் பிறகுதான் பார்த்தேன். அப்போதும் நாங்கள் ‘பேசிடும்’ என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தோம்.

இப்போது அவள் நான்காம் வகுப்பு. பேசுகிறாள், தெரியாதவர்களுக்குப் பாதி புரியும். நானும் தங்கையும் அவளும் சைகை படிக்கிறோம், போனில் வீடியோ பார்த்து. வெளிக்கருவியின் கேபிள் அறுந்தால் வாங்குவதற்கு எங்களிடம்தான் காசு வேண்டும், பேட்டரியும் அப்படித்தான். போன மே மாதம் கேபிள் போய் மூன்று வாரம் அவள் மறுபடி ஒலி இல்லாமல் இருந்தாள். இந்த முறை கைகள் இருந்தன. சண்டை கூடப் போட்டாள்.

பக்கத்துச் சந்தில் ஒருத்தி, பத்து மாதக் குழந்தைக்காரி, போன வாரம் தங்கையைத் தேடி வந்தாள். மாமியார் ‘பேசிடும்’ என்கிறாராம், வீட்டில் டாக்டரிடம் போகக் காசு கேட்க முடியாதாம். தங்கை கை தட்டிப் பார்க்கவில்லை, வசம்பு பற்றிக் கேட்கவில்லை. “உனக்கு எப்ப இருந்து சந்தேகம்?” என்று மட்டும் கேட்டு, அந்தத் தேதியை ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொண்டாள். வியாழக்கிழமை அரசு மருத்துவமனையின் காது மூக்கு தொண்டைப் பிரிவில் புறநோயாளி நாள். நான் பள்ளிக்கு அரை நாள் விடுப்பு சொல்லியிருக்கிறேன். மூவருமாகப் போகிறோம்.